17 ஜூவல் என்றால் பதினேழு வைரம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பழைய பாக்கெட் கடிகாரங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அருமை, சுவிட்சர்லாந்தைப் பற்றி எழுதியதிலும் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அமெரிக்கக் கடிகாரங்கள் எல்லாம் ஃபேக்டரியில் மொத்தமாக அடித்துத் தள்ளிய சரக்கு, அதில் பெரிய வேலைப்பாடு கிடையாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில், உள்ளே '17 ஜூவல்ஸ்' என்று பொறித்திருந்தால் 17 விலை உயர்ந்த கற்கள் இருக்கும் என்றும் எழுதியிருந்தது. முதல் வரி மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வரியால் திங்கட்கிழமை காலையிலேயே கடைக்கு ஆள் வந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் தருமபுரியில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். நாலு ரோடு பக்கம் ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு டேபிள் லைட், அவ்வளவுதான் கடை. தாய்மாமாவிடம் தொழில் பழகி நாற்பது வருடம் தாண்டிவிட்டது. இப்போது வருகிற வேலை முக்கால்வாசி செல் போடுவதும் பட்டை மாற்றுவதும்தான். எப்போதாவது ஒரு சாவி கொடுக்கிற கடிகாரம் வந்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போகும்.

திங்கட்கிழமை வந்தவர் அரூர் பக்கத்துத் தம்பி. தாத்தா வைத்திருந்த எல்ஜின் என்கிற அமெரிக்கக் கம்பெனியின் பாக்கெட் கடிகாரத்தைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். "அண்ணே, இதுல பதினேழு கல் இருக்காம், எடுத்துக் குடுங்க" என்றார். நான் கண்ணில் லென்ஸை மாட்டிவிட்டு அவரையும் பார்க்கச் சொன்னேன். கடுகில் பாதி கூட இருக்காது ஒரு கல். பழைய வீட்டுக் கதவில் குடுமி என்று ஒன்று இருக்கும், கீழே கல்லில் குழி வெட்டி அதில் நிறுத்தியிருப்பார்கள், கதவு எத்தனை வருடம் திறந்து மூடினாலும் தேயாது. அதே வேலைதான் இந்தக் கல்லுக்கும். உள்ளே சக்கரத்தின் அச்சு முனை தலைமுடி கனத்தில்தான் இருக்கும், அது பித்தளை ஓட்டையில் சுற்றினால் ஓட்டை நாளடைவில் முட்டை வடிவமாகிவிடும். ரூபி, சஃபயர், கார்னெட் மாதிரிக் கடினமான கல்லில் ஓட்டை போட்டு அதில் சுற்றவிட்டால் தேய்மானம் இல்லை, வைத்த எண்ணெய்ச் சொட்டும் ஓடிப்போகாமல் நிற்கும். 1902-இல் பிரான்சில் வெர்னூய் என்பவர் செயற்கை ரூபி செய்யும் முறையை வெளியிட்டதிலிருந்து அந்தக் கல்லுக்கும் பெரிய விலை கிடையாது. நகைக்கடையில் கொண்டுபோய்க் கொட்டினால் சிரிப்பார்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது ஒரு திருத்தமாகப் போட்டுவிடுங்கள் ஐயா, இன்னும் எத்தனை பேர் ஊசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்களோ.

சரி, 'மொத்தமாக அடித்த சரக்கு' என்பதற்கு வருகிறேன். மொத்தமாகத்தான் செய்தார்கள், அதை மறுக்கவில்லை. 1850-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஆரன் டெனிசன் என்பவரும் கூட்டாளிகளும் ஒரு கம்பெனி தொடங்கி, சில வருடத்தில் வால்தம் என்ற ஊருக்கு மாற்றினார்கள். துப்பாக்கித் தொழிற்சாலையில் ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துகிற மாதிரி, கடிகாரத்துக்கும் செய்ய முடியுமா என்பதுதான் அவருடைய யோசனை. அதுவரை ஐரோப்பாவில் பெரும்பாலும் ஒரு கடிகாரத்தின் சக்கரம் அந்தக் கடிகாரத்துக்கு மட்டும்தான், அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்த வேண்டும். டெனிசனின் கம்பெனி 1857-இல் திவாலாகி வேறொருவர் கைக்குப் போனது, ஆனால் யோசனை திவாலாகவில்லை. 1876-இல் ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் வால்தம் கம்பெனி தானாகவே திருகு செய்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. அதைப் பார்க்க சுவிட்சர்லாந்திலிருந்து லாஞ்சின்ஸ் கம்பெனியின் இன்ஜினியர் ஜாக் டேவிட் போனார், திரும்பி வந்து நாம் மாறாவிட்டால் பிழைப்பு போய்விடும் என்று அறிக்கை எழுதினார். சுவிஸ்காரர்களே பயந்த சரக்கை நாம் அலட்சியமாக எழுதலாமா?

இதில் ஒன்று, எல்லாப் பாகமும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகை. அச்சுக்கு ஏற்ற கல்லை அளந்து தேர்ந்தெடுத்தார்கள், ஹேர்ஸ்பிரிங் என்கிற முடி போன்ற மெல்லிய சுருளை, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கிற அந்தந்த பாலன்ஸ் வீலுக்கு ஏற்றபடி கையால்தான் பொருத்தினார்கள். அதனால்தான் ஒரே நம்பரை மெயின் பிளேட்டிலும் மற்ற இடங்களிலும் பொறித்திருப்பார்கள், கலந்துவிடக் கூடாது என்று. ஆனால் என் மாதிரி ஆளுக்கு அந்த நம்பர் ஒரு வரம். நம்பரைப் பார்த்தால் எந்த மாடல், ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரிந்துவிடும், மாடல் தெரிந்தால் பாகம் தேடலாம். நூறு வருடம் ஆன பிறகும் பொருந்துகிறது. இன்றைக்கு விற்கிற போனுக்குப் பத்து வருடம் கழித்து ஒரு திருகாவது கிடைக்குமா?

இனி நான் சொல்ல வந்த விஷயம். அமெரிக்கப் பாக்கெட் கடிகாரத்தின் கெட்டிக்காரத்தனத்தை அலங்காரத்தில் தேடக் கூடாது. உடைந்தால் என்ன ஆகும், கை தவறினால் என்ன ஆகும், ரிப்பேர்காரன் எங்கே திணறுவான் என்று முன்கூட்டியே யோசித்துச் செய்திருப்பதில்தான் அது இருக்கிறது.

போன வருடம் பாலக்கோட்டுப் பெரியவர் ஒருவர் வந்தார், தக்காளி மண்டி வைத்திருந்தவர். அவர் மகள் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் இருக்கிறார், ஊருக்கு வரும்போது அப்பாவுக்கென்று பழைய சாமான் கடையில் ஒரு வால்தம் கடிகாரம் வாங்கி வந்திருக்கிறார். 18 சைஸ், இயந்திரம் மட்டுமே கிட்டத்தட்ட 45 மில்லிமீட்டர் அகலம், உள்ளங்கை நிறைய உட்காரும். டைம் வைக்கத் தெரியாமல் பெரியவர் வெளியூரில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே சாவியை, அதாவது சாவி கொடுக்கிற குமிழை, இழுத்துப் பார்த்து, வரவில்லை என்று கட்டிங் பிளேயரால் இழுத்திருக்கிறார்கள். குமிழில் பல் பதிந்து கிடந்தது, பார்க்கவே வயிறு எரிந்தது.

சாவி வராது, வரக் கூடாது என்றுதான் செய்திருக்கிறார்கள். முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றினால், டயலின் ஓரத்தில் நகத்தால் இழுக்கிற மாதிரி ஒரு சின்ன எஃகு நாக்கு இருக்கும். அதை வெளியே இழுத்தால் மட்டும்தான் சாவியைத் திருகும்போது முள் நகரும். உள்ளே தள்ளிவிட்டால் சாவி வெறும் சாவிதான். இத்தனை சுற்று எதற்கு என்று பெரியவர் கேட்டார். பாக்கெட்டிலிருந்து அவசரமாக எடுக்கும்போது சாவி தூக்கிக்கொண்டு முள் தானாக நகர்ந்துவிட்டால்? வைத்திருப்பவருக்குத் தெரியாது, பார்க்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ரயில் ஓட்டுகிறவர் பையில் அப்படி நடந்தால் உயிர் போகும்.

உயிர் போயும் இருக்கிறது. மகள் இருக்கிற அதே ஓஹியோவில்தான், கிப்டன் என்ற ஊரில், 1891 ஏப்ரலில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின, தபால் ஊழியர்கள் உட்படப் பலர் இறந்தார்கள். தருமபுரி வழியாக பெங்களூர் போகிறவர்களுக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் கிராசிங்குக்காக வண்டி நிற்பது தெரியும், அந்தக் காலத்தில் அங்கே அந்தக் கணக்கெல்லாம் ஓட்டுநரின் பையில் இருக்கிற கடிகாரத்தை நம்பித்தான். ஒரு ஓட்டுநரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று மறுபடி தானாக ஓட ஆரம்பித்தது, அதுதான் காரணம் என்று சொல்வார்கள். எனக்கு இதில் பயமுறுத்துவது நின்றது இல்லை, மறுபடி ஓடியது. நின்றே போயிருந்தால் தெரிந்திருக்கும்.

அதற்கப்புறம் கிளீவ்லாந்து நகரத்து நகைக்கடைக்காரர் வெப் பால் என்பவரை வைத்து ரயில்வே கடிகாரத்துக்கு விதிமுறை கொண்டுவந்தார்கள். குறைந்தது 17 ஜூவல், மூடி இல்லாத முகம், சாவி 12 மணிக்கு நேரே, தெளிவான எண்கள், நான் சொன்ன அந்த எஃகு நாக்கு, அப்புறம் வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் முன்னே பின்னே போகக் கூடாது. வாரத்துக்கு ஆறு லட்சத்துச் சொச்சம் விநாடி. இருபதாயிரத்தில் ஒன்று தப்பலாம், அவ்வளவுதான். செல் இல்லை, எலெக்ட்ரானிக் இல்லை, ஒரு சுருட்டிய எஃகுப் பட்டையும் பல் சக்கரங்களும்தான். ஐந்து நிலையில் வைத்துச் சோதிப்பார்கள்: முகம் மேலே, முகம் கீழே, சாவி மேலே, இடது, வலது. கடிகாரத்தைப் படுக்க வைத்தால் ஒரு வேகம், நிறுத்தினால் ஒரு வேகம் என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு அன்றாடத் தலைவலி. ஐந்திலும் ஒரே மாதிரி ஓட வைப்பதற்கு எத்தனை இரவு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் 'வேலைப்பாடு கிடையாது' என்ற வரி இன்னும் உறுத்துகிறது.

பெரியவர் கடிகாரத்தைத் திறந்தால் மெயின்ஸ்பிரிங், அதாவது சாவி கொடுத்தால் சுருண்டு கடிகாரத்தை ஓட்டுகிற எஃகுப் பட்டை, உடைந்திருந்தது. பழைய நீல எஃகு ஸ்பிரிங்குகள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், இடி மழைக்கு முந்தின நாள்தான் நிறைய உடையும் என்று எங்கள் மாமா அடித்துச் சொல்வார், நான் அதை நம்பவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. முழுச் சாவி கொடுத்த ஸ்பிரிங் உடைந்தால் அது உட்கார்ந்திருக்கிற டப்பா எதிர்ப்பக்கமாக ஒரு உதை உதைக்கும். கொக்கி அறுந்த கிணற்று ராட்டினம் எப்படிச் சுழன்று கையை அடிக்குமோ அப்படி. அந்த உதையில் நடுச் சக்கரத்தின் பல் போகும், அச்சு வளையும், கல் விரியும். சாதாரணக் கடிகாரத்தில் ஸ்பிரிங் உடைந்தால் செலவு ஸ்பிரிங்கோடு நிற்காது.

வால்தமில் என்ன செய்தார்கள் தெரியுமா? நடு அச்சில் இருக்கிற சின்னப் பல் சக்கரத்தை, அதாவது பினியனை, அடித்து இறுக்காமல் மரை போட்டுத் திருகி வைத்தார்கள். கடிகாரம் ஓடுகிற திசையில் விசை வந்தால் மரை இறுகும். எதிர்த்திசையில் உதை வந்தால் மரை தானாகக் கழன்று வழுக்கிவிடும், உதை மற்ற சக்கரங்களுக்குப் போகாது. ஃபாக் என்பவர் காப்புரிமை வாங்கியது, பிளேட்டிலேயே 'சேஃப்டி பினியன்' என்று பொறித்திருப்பார்கள். நான் முதல் முறை இதைப் பார்த்தபோது எனக்கு வயது இருபத்தைந்து இருக்கும், ஏதோ சக்கரம் லூசாகிவிட்டது என்று நினைத்து ஒட்டிவிடப் போனேன். மாமா கையைத் தட்டிவிட்டார். பெரியவர் கடிகாரத்திலும் பினியன் கழன்று நின்றது, ஒரு பல் கூடப் போகவில்லை. பெட்ரோலில் கழுவி, புது ஸ்பிரிங் போட்டு, பினியனை இறுக்கி, எண்ணெய் வைத்துச் சாவி கொடுத்தேன். விநாடிக்கு ஐந்து டிக், ஒரு நாளைக்கு 4,32,000. பெரியவர் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசவே இல்லை.

சூட்டுக்குச் செய்த ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். எஃகு ஹேர்ஸ்பிரிங் சூட்டில் கொஞ்சம் தளரும். ஏற்பாடு ஒன்றும் செய்யாவிட்டால் ஒரு டிகிரி சென்டிகிரேடுக்கு நாளைக்குப் பத்து விநாடி போலப் பிந்தும். நம் ஊர் மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் இருக்கிற வித்தியாசத்தைப் போட்டுப் பாருங்கள், நிமிடக் கணக்கில் போய்விடும். அதனால் பாலன்ஸ் வீலின் விளிம்பை உள்பக்கம் எஃகு, வெளிப்பக்கம் பித்தளை என்று இரண்டு உலோகத்தில் செய்து, இரண்டு இடத்தில் வெட்டி விட்டிருப்பார்கள். பித்தளை சூட்டில் அதிகம் நீளும், எஃகு குறைவாக நீளும், அதனால் வெட்டிய நுனிகள் உள்பக்கமாக வளைந்து சக்கரம் கொஞ்சம் வேகமாக ஆடும். ஸ்பிரிங் பிந்தியதைச் சக்கரம் ஈடுகட்டிவிடும். இஸ்திரிப் பெட்டிக்குள் சூடு ஏறினால் கரண்ட்டை வெட்டுகிற பட்டை இருக்கிறதே, அதுவும் இதே தத்துவம்தான். இது அமெரிக்கக் கண்டுபிடிப்பு இல்லை, 18-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் கப்பல் கடிகாரத்துக்குச் செய்தது. ரயில் ஓட்டுநர் தன் சம்பளத்தில் வாங்குகிற கடிகாரத்துக்குள் கொண்டுவந்ததுதான் அமெரிக்கர்கள் செய்தது.

இன்னொரு தமாஷ். அங்கே இயந்திரத்தையும் கூட்டையும் தனித்தனியாக விற்றார்கள். சைஸ் ஒன்றாக இருந்தால் எந்த இயந்திரமும் எந்தக் கூட்டிலும் உட்காரும், காசுக்குத் தகுந்த மாதிரி நிக்கல், வெள்ளி, தங்கம் என்று கடையில் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொள்ளலாம். நிறையக் கூடுகள் தங்கம் மாதிரி இருக்கும், ஆனால் நடுவில் பித்தளை, இரண்டு பக்கமும் மெல்லிய தங்கத் தகடு. மூடியின் உள்ளே 'இருபது வருட உத்தரவாதம்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். கடிகாரத்துக்கு இருபது வருட கேரண்டி என்று பெருமையாகக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது அந்தத் தங்கத் தோல் இருபது வருடம் தேயாது என்பதற்கான உத்தரவாதம். இந்தக் கூட்டை உருக்கக் கொண்டுபோய், எடைக்குக் கொஞ்சம் தங்கம் கூடத் தேறாமல், இயந்திரத்தையும் தொலைத்தவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். நிஜத் தங்கக் கூட்டை உருக்கிவிட்டு இயந்திரத்தை மட்டும் காகிதத்தில் சுற்றி என்னிடம் கொண்டுவந்து "இதை வச்சுக்கிட்டு ஏதாவது குடுங்க" என்பவர்களும் உண்டு.

விலை மலிவான கடிகாரத்திலும் மூளை இருந்தது. கனெக்டிகட் மாநிலத்து வாட்டர்பரி கம்பெனி 1880-களில் நாலு டாலருக்கும் குறைவாக விற்ற கடிகாரத்தில் மொத்தமே 58 பாகங்கள். மெயின்ஸ்பிரிங் ஒன்பது அடி நீளம்! மொத்த இயந்திரமும் கூட்டுக்குள் மணிக்கு ஒரு சுற்றுச் சுற்றும், நிமிட முள்ளும் அதோடு சேர்ந்து சுற்றும். கடிகாரம் நிமிர்ந்து நிற்கும்போது வருகிற பிழை சுற்றிச் சுற்றி வந்து ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளட்டும் என்று. இதே நோக்கத்துக்காக பாரிசில் பிரெகே 1801-இல் காப்புரிமை வாங்கிய டூர்பியோன் என்கிற அமைப்பு இன்றைக்கும் லட்சக்கணக்கில் விலை போகிறது. இவர்கள் அதை ஏழைக்குக் கொடுத்தார்கள். என்ன, சாவி கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடும், அதை வைத்து அந்த ஊர் நாடக மேடையில் ஜோக் அடிப்பார்களாம். பெங்களூரில் ஒரே ஒரு முறை அதைக் கையில் வாங்கிப் பார்த்தேன், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை.

ஓசூரில் டைட்டன் வந்தபோது எங்கள் பிழைப்பில் மண் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வேலை குறைந்தது நிஜம். ஆனால் 3.5 மில்லிமீட்டர் கனத்தில் எட்ஜ் கடிகாரத்தை இங்கே, பழைய தருமபுரி மாவட்டத்து மண்ணில் செய்தார்கள் என்றபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஃபேக்டரியில் செய்தால் வேலைப்பாடு இல்லை என்பது அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிற வார்த்தை, அதனாலும் எனக்குக் கோபம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பாக்கெட் கடிகாரம் இருந்தால், சாவி வரவில்லை என்று பிளேயரை எடுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், ஒருவர் விட்டிருக்கிறார், மார்கழியில் உறைந்துபோய் வந்தது. பின்மூடியைத் திறந்து பாலன்ஸை ஊதிப் பார்க்காதீர்கள். கூட்டை மட்டும் தனியாக விற்காதீர்கள். எந்த ஊரிலும் ஒரு பழைய ரிப்பேர்காரர் இன்னும் மிச்சம் இருப்பார், அவரிடம் ஒரு தடவை காட்டுங்கள், பார்ப்பதற்கு நாங்கள் யாரும் காசு கேட்பதில்லை.

அந்த அரூர்த் தம்பியின் எல்ஜின் என் டிராயரில்தான் இருக்கிறது. கீழே விழுந்து பாலன்ஸ் அச்சு முனை ஒடிந்திருக்கிறது, நம்பரைப் பார்த்து அச்சுக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன். சர்வீஸோடு சேர்த்து எவ்வளவு ஆகும் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அண்ணே, பதினேழு கல்லையும் வித்தா அதுக்காவது வராதா?" என்றார்.

வராது தம்பி.

இப்படிக்கு,
கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒரு வாசகர்,
தருமபுரி.